உப்புராசாவுக்குக் கொடுத்த தண்ணீர்

1

இரண்டு வாரமாக நான் ஓட்டும் பஸ்ஸின் இடப்பக்கம் முழுக்க ஒரு குதிரை பாய்ந்து ஓடுகிறது. அதன் முன்கால்கள் சாரதியின் கண்ணாடிக்குக் கீழே தொடங்குகின்றன, வால் பின்சில்லுக்கு மேலே முடிகிறது. முதுகில் இரட்டைப் பின்னல் போட்ட ஒரு சிறுமி, கையில் செம்புடன். நோர்வேயின் பேர்கன் நகரத்து மழை அந்த இருவர் மீதும் நாள் முழுவதும் பெய்கிறது. டிப்போவில் என்னோடு வேலை செய்பவர்களுக்கு அது பள்ளி விடுமுறைக்கு வரப்போகும் ஒரு சிறுவர் படத்தின் விளம்பரம். எனக்கு அது, யாழ்ப்பாணத்துத் தீவுக் கிராமமான இறுப்பிட்டியில் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்து ஓய்வுபெற்ற என் அக்கா புவனேஸ்வரியின் நெடுந்தீவுக் குதிரை. அக்காவின் நாவலில் அந்தக் குதிரைக்கு மூட்டுவாதம். முந்நூற்றுச் சொச்சம் பக்கங்களில் அது ஒரு தடவைகூட ஓடியதில்லை.

ஊரிலிருந்து தொலைபேசி எடுக்கிறவர்கள் எல்லோரும் இப்போது கேட்பது ஒரே கேள்வி. புத்தகம் திறமோ, படம் திறமோ? வேலை எப்படி, குளிர் எப்படி என்று கேட்டவர்கள்கூட அதையெல்லாம் விட்டுவிட்டார்கள். ஆளாளுக்குப் பதில் சொல்லி என் தொண்டை வறண்டுபோனதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். ஆனால் ஒன்றை முன்கூட்டியே சொல்லவேண்டும். இந்த வழக்கில் நான் நியாயமான சாட்சி இல்லை. புத்தகத்தை எழுதியவர் என் அக்கா. படத்துக்குச் சித்திரம் கீறியவர்களில் ஒருத்தி என் மகள் ஆரணி. இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, படத்தில் அக்காவின் பெயர் வருமா வராதா என்று நான் பட்ட பாட்டைத்தான் சொல்லப்போகிறேன். பஸ்ஸில் இருக்கும் படத்தின் கீழே அந்தப் பெயர் இருக்கிறதா என்று இப்போதே சொல்லிவிட்டால் மிச்சத்தை நீங்கள் வாசிக்கமாட்டீர்கள், எனக்கு உங்களைத் தெரியும்.

2

நாவலின் பெயர் ‘படலைக்கு வந்த உப்புராசா’. வாசிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன்.

ஒரு தீவில் எல்லாக் கிணறுகளும் ஒரே நாளில் உவராகிவிடுகின்றன. கடலுக்கு அடியில் இருந்த உப்புராசா கரையேறி வந்து கிணறு கிணறாகக் குடியிருக்கத் தொடங்கிவிட்டான். கனகம் என்ற சிறுமியின் வீட்டில் மட்டும் ஒரு செம்பு நல்ல தண்ணீர் மிஞ்சியிருக்கிறது. நல்ல தண்ணீர் எங்கே போனதென்று தேடி, நெடுந்தீவிலிருந்து வந்த ஒரு கிழட்டுக் குதிரையோடு அவள் புறப்படுகிறாள். கடல் உள்வாங்கும் வேளை பார்த்து, அதன் தரையிலேயே தீவு தீவாக நடக்கிறார்கள். நண்டுகளோடு வழக்காடுகிறார்கள். பழைய கப்பல் ஒன்றுக்குள் குடியிருக்கும் மீன்களிடம் வழி கேட்கிறார்கள். ஒன்றும் கிடைக்காமல் வீடு திரும்புகிறார்கள்.

அந்த மிஞ்சிய ஒரு செம்புத் தண்ணீரையும் பறிக்க உப்புராசா கனகத்தின் வீட்டு வாசல் படலைக்கு வருகிறான். அவள் படலையைத் திறக்கிறாள், கதிரையைக் காட்டுகிறாள், செம்பை நீட்டுகிறாள். பறிக்க வந்தவனிடம் அது தானாக நீட்டப்படுகிறது. உப்புராசா செம்பை வாங்கி நெடுநேரம் பார்க்கிறான். பிறகு ஒரு சொட்டும் குடிக்காமல் நிலத்தில் வைத்துவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லிப் போகிறான். விடியக் கனகம் கிணற்றில் அள்ளிக் குடித்துப் பார்க்கிறாள். தண்ணீர் இனிக்கிறது. கதை முடிந்தது.

இந்த முடிவைப் பற்றி எங்கள் பக்கத்தில் ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. படலையில் நிற்பவன் ஆராயிருந்தாலும் முதலில் தண்ணீர், பிறகுதான் பெயரும் வந்த காரியமும். வேலிச் சண்டைக்கு வந்தவனுக்கும் அதே முறைதான், தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் சண்டையைத் தொடங்குவான். குடிக்கும் தண்ணீர் பவுசர் லொறியில் வந்து இறங்கும் ஊரில் அந்த ஒரு செம்பு எவ்வளவு பெறுமதி என்று கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

ஆரணிக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. பேசுவதும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி வரும் தமிழ்தான். சோறு, கறி, நித்திரை, சத்தம் போடாதே, இவற்றுக்கு அப்பால் போனால் நோர்வே மொழிக்குத் தாவிவிடுவாள். அதனால் ஒரு பனிக்காலம் முழுவதும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வாசிக்க, அவள் கேட்டுக்கொண்டே கீறினாள். கார்ட்டூன் படங்கள் செய்யும் நிறுவனமொன்றில் அப்போதுதான் அவள் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். குதிரை ஏன் நண்டை ‘நீர்’ என்று கூப்பிடுகிறது என்று கேட்டாள். ‘நீ’ என்றால் நண்டு கோபிக்கும், ‘நீங்கள்’ என்றால் குதிரைக்கு மரியாதைக் குறைவு, ஆகவே நடுவில் ஒன்று என்றேன். எவருக்கும் ஒரே சொல்லைப் போடும் ஊரில் பிறந்த பிள்ளை, வெகுநேரம் யோசித்துவிட்டு நண்டுக்கு ஒரு கழுத்துப்பட்டி கீறினாள். அந்த மரியாதை அவளுக்கு அப்படித்தான் விளங்கியது. எனக்கு அது நல்ல மொழிபெயர்ப்பாகவே பட்டது.

அந்தப் படங்களை அவளுடைய இயக்குநர் இங்ரிட் கண்டார். மிச்சக் கதையையும் சொல்லச் சொல்லிக் கேட்டார். அங்கேதான் எல்லாம் தொடங்கியது.

3

கலை செய்வதைவிட அதற்குக் கையெழுத்து வாங்குவது பெரிய வேலை. ஒப்பந்தத்தில் எழுத்தாளரின் வீட்டிலக்கமும் வீதியின் பெயரும் கட்டாயம் வேண்டும் என்றார்கள். அக்காவின் வீட்டுக்கு இலக்கம் இல்லை. தபாற்காரருக்கு அக்காவைத் தெரியும், அக்காவுக்குத் தபாற்காரரைத் தெரியும், அதற்குமேல் ஆருக்கு என்ன வேண்டும் என்பது அக்காவின் வாதம். கணினியோ இலக்கம் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போகமாட்டேன் என்றது. கடைசியில் அக்கா தன் பழைய பாடசாலை வரவு இடாப்பில் தனக்கிருந்த இலக்கத்தைப் போடச் சொன்னார். கணினி அதை ஏற்றுக்கொண்டது. இன்றைக்கும் நோர்வேயின் ஏதோ ஒரு கோப்பில் அக்கா அந்த இலக்க வீட்டில்தான் வசிக்கிறார்.

ஒப்பந்தத்தில் அக்கா ஒரேயொரு நிபந்தனை போட்டார். படம் முடிந்ததும் தான் பார்க்கவேண்டும். பார்த்துச் சரியென்றால் தன் பெயரைப் போடலாம். இல்லையென்றால், ஓர் இலங்கைக் கதையைத் தழுவியது என்று மட்டும் போடவேண்டும். ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டேன்.

“விடையைப் பாக்காமல் சரி போடேலாது தம்பி” என்றார்.

ஆரணிக்கு இது வாழ்க்கையின் முதல் படம். மாமியின் பெயருக்குக் கீழே தன் பெயரும் வரவேண்டும் என்பது அவளுடைய ஆசை. அவள் அதை என்னிடம் சொன்னதில்லை, தாயிடம் சொல்லி, தாய் என்னிடம் சொன்னாள். இந்த வீட்டில் முக்கியமான செய்திகள் எல்லாம் அந்த வழியாகத்தான் எனக்கு வந்துசேரும்.

4

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன். நாவலை விழுந்து விழுந்து பாராட்டிவிட்டுப் படத்தைத் தூற்றுவதுதான் படித்தவனுக்கு அழகு என்று நினைக்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களோடு எனக்கு ஒத்துவராது. முடிந்த படத்தை நிறுவனத்தார் முதலில் தங்கள் ஆட்களுக்கும் குடும்பத்தினருக்கும் போட்டுக் காட்டியபோது நானும் மனைவியும் போயிருந்தோம். கடல் உள்வாங்கும் காட்சியை அக்கா நான்கு பக்கத்தில் எழுதியிருக்கிறார், நல்ல பக்கங்கள். படத்தில் அது ஒரு மூச்சு இழுத்து விடும் நேரம்தான். ஆனால் குறிகட்டுவானில் படகு ஏறுகிறவர்கள் பார்க்கும் அந்த வெளிர்பச்சைத் தண்ணீர் ஒரு பாயைச் சுருட்டுவதுபோல் ஒதுங்க, அடியில் கிடந்த உலகம் முழுவதும் சூரியனைப் பார்த்துக் கண் கூசும்போது நான் என்னை அறியாமல் எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்தவர் என்னை இருக்கச் சொன்னார்.

நாவலின் குதிரை ஓய்வுபெற்ற உத்தியோகத்தரைப் போல எதற்கும் குறை சொல்லும். அதன் பேச்சுக்காகவே வாசிக்கலாம். படத்தின் குதிரை ஓடுகிறது, பாடுகிறது, ஓரிடத்தில் சறுக்கி விழுந்து எல்லோரையும் சிரிக்கவைக்கிறது. சிறுவர்கள் குறை கேட்கக் காசு கொடுத்து வருவதில்லை என்றார் இங்ரிட். இதில் அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நாவலில் கனகத்தின் தகப்பன் தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருப்பவர். வருடத்துக்கு இரண்டு தடவை பெட்டியோடு வந்து இறங்குவார். எங்கள் ஐயாவை அப்படியே எடுத்து வைத்திருக்கிறார் அக்கா, அந்தச் செருமல்கூட ஐயாவுடையதுதான். படத்தில் முதல் சில நிமிடங்களிலேயே ஓர் அலை வந்து அவரை அடித்துக்கொண்டு போய்விடுகிறது. அக்கா பெயரை மறுக்கப் போவது இதற்காகத்தான் என்று அந்த நிமிடமே முடிவு கட்டிவிட்டேன்.

கடைசிக் காட்சிக்குத்தான் பெரிய இழுபறி நடந்தது. பேர்கனில் பாறையைத் தட்டினால் தண்ணீர், கூரையைப் பார்த்தால் தண்ணீர். ஒரு செம்புக்காக ஒருத்தன் படலைக்கு வருவதை இங்ரிடால் நம்பமுடியவில்லை. மழைநீரைப் பிடித்து வைக்கலாமே என்று கேட்டனுப்பினார். மழையை அனுப்பச் சொல்லு, பிடிக்கிறம் என்று அக்கா பதில் அனுப்பினார். அதைவிட, ஒன்றரை மணி நேரம் கதிரை நுனியில் இருந்த பிள்ளைகளுக்கு, கெட்டவன் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான் என்றா காட்டுவது என்பது இங்ரிடின் கவலை. கனகம் தண்ணீரை உப்புராசாவின் முகத்தில் வீச, அவன் கரைந்து போகவேண்டும் என்றார். தண்ணீரில் உப்புக் கரையும், இது எந்தக் குழந்தைக்கும் விளங்கும்.

ஆரணி விடவில்லை. வீசக்கூடாது, மாமியின் கனகம் தண்ணீரை வீசமாட்டாள், கொடுப்பாள் என்று வாரக்கணக்கில் நின்றாள். கடைசியில் இரண்டு பேரும் பாதி வழியில் சந்தித்தார்கள். கனகம் செம்பை நீட்டுவாள். உப்புராசா அதைக் குடிப்பான், குடித்துக் கரைவான். அந்தக் காட்சியை ஆரணியே கீறினாள். கனகம் கதிரையைக் காட்டிவிட்டு, செம்பை வலக்கையால் நீட்டி, இடக்கையால் வலது முழங்கையைத் தொட்டுக்கொண்டிருக்கிறாள். உப்புராசா செம்பைப் பார்த்தபடி நெடுநேரம் நிற்கிறான், மெல்லிய இசை மட்டும். பிறகு அண்ணாந்து குடிக்கிறான். விரல் நுனிகளில் தொடங்கி, வெளிச்சம் ஊடுருவ ஊடுருவ, அவன் கரைந்து மணலில் இறங்கிப் போகிறான். படத்திலேயே மிக அழகான இடம் அதுதான். நான் அழுதேன். பக்கத்தில் மனைவியும் அழுதாள். மாமியின் காட்சியைக் காப்பாற்றிவிட்டேன் என்று ஆரணி எங்களைப் பார்த்துச் சிரித்தாள். எங்கள் மூன்று பேருக்கும் அதில் ஒரு பிழையும் தெரியவில்லை.

5

படத்தை மடிக்கணினியில் ஏற்றிக்கொண்டு நானும் ஆரணியும் போனோம். யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறி, பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை தாண்டி, இரண்டு பக்கமும் கடல் கிடக்கும் தாம்போதிப் பாதையால் போகும்போது அவள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டிருந்தாள். நிறத்தைச் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்ப்பதாகச் சொன்னாள். பச்சை கொஞ்சம் கூடிவிட்டது என்று தன்னையே குறை சொன்னாள்.

அக்காவின் வீட்டு முன்னறையில் வெள்ளைச் சேலையொன்றைச் சுவரில் கட்டி, பாடசாலையிலிருந்து இரவல் வாங்கிய கருவியால் படத்தைக் காட்டினோம். பின்னேரம், யன்னல்களுக்குச் சாக்கு. அயலில் உள்ளவர்களும் அவர்கள் வீட்டுப் பிள்ளைகளும் நிலத்தில் இருந்தார்கள். அக்கா மட்டும் கதிரையில், சோதனை மண்டபத்தில் மேற்பார்வைக்கு இருப்பவரைப் போல நிமிர்ந்து. படம் நோர்வே மொழியில் பேசியது. நான் பக்கத்தில் நின்று உரத்துத் தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆரணி சுவரோரமாக நின்று, படத்தைப் பார்க்காமல் மாமியின் முகத்தையே பார்த்தாள்.

அலை வந்து தகப்பனை அள்ளிக்கொண்டு போன இடத்தில் என் குரல் இறங்கிவிட்டது. அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

“தேப்பன் இருந்தால் பொம்பிளைப் பிள்ளையைத் தனியக் கடலுக்கை விடுவானோ? எனக்கும் உது பெரிய கரைச்சலாத்தான் இருந்தது. ஐயாவைக் காலியிலை பூட்டி வைச்சு எழுதினனான். அவங்கள் சுருக்கமா முடிச்சுப்போட்டாங்கள்” என்றார்.

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. குதிரை பாடியபோது அக்கா காலால் தாளம் போட்டார். நண்டின் கழுத்துப்பட்டியைக் கண்டதும் கைதட்டினார், அது ஆர் கீறினது என்று கேட்டு ஆரணியைத் திரும்பிப் பார்த்தார். பிள்ளை வெட்கத்தால் சிவந்துபோனாள். வெற்றி என்று நான் மனத்துக்குள் சொல்லிக்கொண்டேன்.

கடைசிக் காட்சி வந்தது. கனகம் செம்பை நீட்டினாள். உப்புராசா குடித்தான். கரைந்தான். ஊர்ப் பிள்ளைகள் ஒரு சத்தமும் போடவில்லை. வெளிச்சம் போட்டபோது அயலவர்கள் ஆளையாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அக்கா எழுந்து யன்னல் சாக்குகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தார்.

“படம் நல்ல வடிவு. என்ரை பேரைப் போடவேண்டாம்” என்றார்.

ஏன் மாமி என்று கேட்ட ஆரணியின் குரல் எனக்கே கேட்கவில்லை. அக்கா கோபமாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

“படலைக்கு வந்தவனுக்குத் தண்ணி குடுத்துச் சாக்காட்டிறதோ பிள்ளை? அவள் முகத்திலை எறிஞ்சிருந்தாலும் நான் பறவாயில்லை எண்டிருப்பன், அது சண்டை. இருக்கச் சொல்லி, கையிலை குடுத்து, அவன் நம்பிக் குடிச்சுச் சாகிறான். இனி உந்த ஊரிலை ஆர் ஆர்ரை வீட்டிலை தண்ணி குடிப்பினம்?”

அங்கே நிலத்தில் இருந்த அத்தனை பேருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும்கூட, அது கண்டவுடனே விளங்கியிருந்தது. விளங்காமல் அழகைப் பார்த்து அழுதவர்கள் நாங்கள் மட்டும்தான். மகளுக்குத் தமிழ் குறைந்துபோகிறது என்று நான் பேர்கனில் எத்தனையோ கூட்டங்களில் பேசியிருக்கிறேன். எனக்கு என்ன குறைந்திருக்கிறது என்று அந்த அறையில்தான் கண்டேன். குடிக்கத் தண்ணீர் கொடுப்பது இப்போது எனக்கு வெறும் தண்ணீர் கொடுப்பதாகிவிட்டது.

6

ஆரணி அழுவாள் என்று நினைத்தேன். அவள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் மாமிக்குப் பின்னால் போனாள். படத்தை இனி மாற்ற ஏலாது, கீறி முடிந்துவிட்டது, ஆனால் குரல் மாற்றலாம் என்றாள். அவளுடைய தமிழ் அதற்குப் போதாமல், பாதி நோர்வே மொழியிலும் மிச்சம் கையாலும் சொன்னாள். உப்புராசா செம்பைப் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்த நீண்ட நேரத்தில் ஒருவரும் பேசுவதில்லை. அவன் வாயைத் தாடி மூடியிருக்கிறது, கனகம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். என்ன பேசினாலும் பொருந்தும். என்ன பேசவேண்டும் என்று மாமிதான் சொல்லவேண்டும்.

அக்கா வெங்காயம் வெட்டுவதை நிறுத்தினார். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொல்லிப் பார்த்தார். சும்மா யோசித்தால் வராது, செய்து பார்த்தால்தான் வரும் என்று கதிரையை இழுத்துக் குசினி வாசலில் போட்டு அதில் இருந்தார். தான் உப்புராசா என்றார். ஆரணி கனகம். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து தரச் சொன்னார்.

முதல் தடவை ஆரணி விறுவிறென்று வந்து நீட்டினாள், அக்கா ஏற்கவில்லை. வந்தவரோடு முதலில் கதைக்கவேண்டும் என்றார். இரண்டாம் தடவை ஆரணி நின்றாள். “வாங்கோ. இருங்கோ. தண்ணி குடியுங்கோ” என்றாள். சாப்பாட்டு மேசைத் தமிழ்தான், அது போதுமாக இருந்தது. அக்கா செம்பை வாங்கிப் பார்த்தார். நானும் பார்த்துக்கொண்டு நின்றேன். அறுபது கடந்த கணக்கு ரீச்சர் ஒருவர் உப்பாக மாறி யோசிப்பதை நீங்களும் பார்த்திருக்கவேண்டும், முகத்தில் ஒரு குறும்பு வந்தது.

“இதைக் குடிச்சால் நான் கரைஞ்சுபோவன் எண்டு உனக்குத் தெரியுமோ பிள்ளை?”

மனப்பாடம் செய்த வசனம் ஒன்றும் இல்லை, ஆரணி தனக்கு வந்ததைச் சொன்னாள்.

“தெரியாது. உங்களுக்குத் தண்ணி விடாய் எண்டு மட்டும் தெரியும்.”

“எனக்குத் தெரியும்” என்றார் அக்கா. “இவ்வளவு காலத்திலை ஒருத்தரும் என்னை விடாயோ எண்டு கேக்கேல்லை. குடிச்சிட்டுக் கடலுக்கே போறன்.”

அண்ணாந்து கடகடவென்று முழுவதையும் குடித்தார். குடித்துவிட்டு எழுந்து வெங்காயத்தை எடுத்தார். அதுதான் வசனம், எழுதிக்கொள் என்றார். நான் ஒரு சொல்லும் விடாமல் கைத்தொலைபேசியில் பதிந்திருந்தேன். உப்புராசாவை இனி ஒருவரும் கொல்லவில்லை. அவன் தெரிந்துதான் குடிக்கிறான், வந்த இடத்துக்குத்தான் திரும்பிப் போகிறான். நாவலில் அவன் குடிக்காமல் போகிறான், படத்தில் குடித்துவிட்டுப் போகிறான். எது திறம் என்று நான் சொல்லமாட்டேன்.

தொலைபேசிச் சமிக்ஞை கிடைக்கும் இடமாகப் பார்த்து, வேலியோரம் நின்று, ஆரணி இங்ரிடோடு பேசினாள். இங்ரிடுக்கு அந்த மௌனம்தான் படத்திலேயே பிடித்த இடம், அதைப் பேச்சால் நிரப்ப அவருக்கு மனமில்லை. ஒரு வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுப்பதென்றால் என்னவென்று ஆரணி அவருக்கு விளக்கினாள். என் மகள் தன் மொழியில், தான் வளர்ந்த ஊரின் மொழியில், மாமியின் வழக்கை அவ்வளவு நேர்த்தியாகப் பேசியதை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைசியில் இங்ரிட் இறங்கி வந்தார். வசனத்தை வைப்போம், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டுவோம், அவர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்து முடிவெடுப்போம் என்றார்.

அக்காவும் அதையே பிடித்துக்கொண்டார். தன் பெயரையும் அந்தப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும் என்றார். “கனகம் அவனைச் சாக்காட்டிப்போட்டாள் எண்டு ஒரு பிள்ளையாவது நினைச்சால் என்ரை பேர் வேண்டாம். நீ போய்ப் பாத்துச் சொல்லு தம்பி. பொய் சொன்னியெண்டால் எனக்குத் தெரியும்.” பிறகு ஆரணியின் தலையைத் தடவி, வெங்காயம் வெட்டத் தெரியுமோ என்று கேட்டார். தெரியாது என்றாள். நான்கு நாளில் அதையும் பழக்கித்தான் அனுப்பினார்.

7

பேர்கனில் அந்தத் திரையிடல் ஒரு சனிக்கிழமை பகல் நடந்தது. வழக்கம்போல மழை. ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் நனைந்த மேலங்கிகளோடு மண்டபத்தை நிறைத்தார்கள். ஆரணி என் பக்கத்தில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த வயதை அவள் கடந்து எவ்வளவோ காலம், ஆனாலும் நான் கையைத் தட்டிவிட்டேன்.

குதிரை சறுக்கி விழுந்த இடத்தில் மண்டபம் அதிர்ந்தது. கடல் உள்வாங்கியபோது எங்கோ ஒரு பிள்ளை ஓவென்றது. கடைசிக் காட்சியில் உப்புராசா அக்காவின் வசனத்தை நோர்வே மொழியில் பேசினான். எனக்கு மட்டும் அது அக்காவின் குசினி வாசலிலிருந்து கேட்டது. அவன் குடித்தான். கரைந்தான். பிள்ளைகள் மௌனமாக இருந்தார்கள். ஊர்ப் பிள்ளைகளும் இப்படித்தான் மௌனமாக இருந்தார்கள் என்று நினைத்தேன். விளக்குகள் எரிந்தன. அப்போதும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நோர்வேப் பிள்ளைகளின் முகத்தில் எதையும் படிக்க ஏலாது, முப்பது வருடமாக முயன்றுகொண்டிருக்கிறேன்.

வெளிக்கூடத்தில் ஆளுக்கொரு போத்தல் தண்ணீரும் கொஞ்சம் பிஸ்கட்டும் கொடுத்தார்கள். பெரியவர்கள் கோப்பிக்கு வரிசையில் நின்றார்கள். இங்ரிட் ஓர் ஆசிரியையைப் பிடித்து வைத்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். நான் தூணோரம் நின்று பிள்ளைகளைப் பார்த்தேன். பின்னல் போட்ட ஒருத்தி தன் போத்தலை ஒரு தடித்த பையனிடம் நீட்டினாள். வலக்கையால் நீட்டி, இடக்கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு. ஏதோ சொன்னாள். அவன் போத்தலை வாங்கி, தலையை அண்ணாந்து, சட்டையெல்லாம் நனையக் குடித்தான். பிறகு விரல்களை நெளித்து, முழங்காலை மடித்து, ஆடி ஆடி நிலத்தில் இறங்கி, கம்பளத்தில் நீட்டி நிமிர்ந்து கிடந்தான். சுற்றி நின்றவர்கள் ஆரவாரித்தார்கள். ஆரணி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். இரண்டு பேரும் பார்த்தோம்.

அங்கே நின்றபடியே அக்காவுக்கு எடுத்தேன். கூடத்துச் சத்தத்தில் உரக்கப் பேசவேண்டியிருந்தது. கண்டதை ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். போத்தலை நீட்டியதும், முழங்கையைத் தொட்டதும், பையன் குடித்து விழுந்து கரைந்ததும்.

“கரைஞ்ச பொடியன் எழும்பினவனோ?” என்று கேட்டார்.

“எழும்பிட்டான் அக்கா.”

“எழும்பி என்ன செய்தவன்?”

நான் திரும்பிப் பார்த்தேன். அந்தப் பையன் இன்னொரு போத்தலை எடுத்துக்கொண்டு கூடத்தைக் கடந்து வந்துகொண்டிருந்தான். எனக்கு முன்னால் வந்து நின்று வலக்கையால் நீட்டினான். எங்கள் முறையில் முதலில் தண்ணீர் என்பதால், நான் தொலைபேசியை ஆரணியிடம் கொடுத்துவிட்டு வாங்கிக் குடித்தேன். மாமியிடம் ஆரணி அதைச் சொல்வது கேட்டது. பிறகு அவள் சிரித்துக்கொண்டே தொலைபேசியை என் காதில் வைத்தாள்.

“குடிச்சவனே இன்னொருத்தருக்குக் குடுக்கிறான் எண்டால் சரி. என்ரை பேரைப் போடச் சொல்லு” என்றார் அக்கா. “நீ முதல் கரைஞ்சு விழு. பிள்ளை பாத்துக்கொண்டு நிக்குது.”

ஐம்பத்தைந்து வயதில், பஸ் சாரதியின் சீருடையோடு, அந்தக் கூடத்துக் கம்பளத்தில் நான் கரைந்தேன்.